ஹாதி கட்டாத முடிச்சு

தாராவி மாரிக்கண்ணன் தூத்துக்குடிப் பாய்மரத் தோணிகளில் பாய் ஏற்றி இறக்கியவன். இப்போது மும்பைத் துறைமுகத்தில், டூரிஸ்டுகளை ஏற்றிப் போகும் பழைய பாய்மரக் கப்பல் ஒன்றில் வேலை. கூட்டாளி, மான்குர்த் பக்கம் குடியிருக்கும் அப்துல் ஹாதி. இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றுவார்கள். ஏறியதும் கயிற்றைப் பாய்மரத்தின் அடியிலுள்ள முளையில் சுற்றிக் கட்டுவது எப்போதும் ஹாதிதான்.

ஒரு காலை ஹாதியை முன்பக்கம் கூப்பிட்டார்கள். மாரிக்கண்ணன் கட்டினான். பாதியில் போன் அடித்தது. அரைகுறையாக விட்டுவிட்டு எடுத்துப் பேசினான். ஹாதி திரும்பி வரும்போது காற்று வலுத்தது. கயிறு நழுவி, பாயைத் தாங்கிய குறுக்குமரம் ஹாதியின் தலையில் உரசி இடுப்பில் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த ஹாதிக்கு அந்தக் காலை நினைவில் இல்லை. வழக்கம்போல் அவன்தான் கட்டியிருப்பான் என்று கேப்டனும் நினைத்துக்கொண்டார். மாரிக்கண்ணன் வாய் திறக்கவில்லை.

வேலை முடிந்ததும் நேரே வார்டுக்குப் போவான். சாப்பாடு கொண்டுபோவது, எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் அவன்தான்.

"கூடப்பொறந்தவங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க அண்ணே," என்றாள் ஹாதியின் மனைவி ரஷீதா. மாரிக்கண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான்.

ஹாதி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். "இத்தன வருசம் கட்டுன கை, எப்படி மாரி தப்புச்சு? ஏதாவது பிள்ள மேல விழுந்திருந்தா? இனிமே நான் கயிறத் தொடமாட்டேன்."

அதற்குமேல் மாரிக்கண்ணனால் தாங்க முடியவில்லை. "அத நீ கட்டல. நான் கட்டுனேன். போன் வந்துச்சு, பாதியில விட்டுட்டேன்."

ஹாதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஒன் கை தப்புனதக்கூட விடு. நான் என்னையே ஏசிக்கிட்டுக் கெடந்தேன். நீ பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தியே."

ரஷீதா டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து மாரிக்கண்ணனிடம் நீட்டினாள். "நாளைக்கு வராதீங்க."

மறுநாள் கேப்டனிடமும் சொன்னான். அவர் அவனைக் கயிற்று வேலையிலிருந்து எடுத்து, தளம் கழுவப் போட்டார். மழைக்காலம் முடிந்து ஹாதி கைத்தடியோடு வந்தபோது, அவனைத் தப்பாக நினைத்ததற்குக் கேப்டன் எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். உட்கார்ந்தபடியே கயிறு கட்ட, முளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள்.

கார்த்திகையில் ஒருநாள் எதிர்காற்று. கயிற்றை இழுக்க ஆள் பற்றவில்லை.

"மாரி, பிடி," என்றான் ஹாதி.

ஓடிப்போய் இழுத்தான். பாய் மேலே ஏறி நின்றது. ஹாதி கட்டத் தொடங்கினான். மாரிக்கண்ணன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பின்தளத்துக்குப் போனான்.