பழுப்பு அட்டையில் பச்சைப் பயிர்

அடுத்தவருக்குத் தைரியம் சொல்லும் அட்டைக்குக் கலர் அடிப்பது என் தொழில். இப்படியும் ஒரு தொழிலா என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில், ஆரஞ்சுப் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்களே, உங்களுக்காகத்தான் இந்தத் தொழில். நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். அதனால் உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது சாதிக் பாயின் ஜெராக்ஸ் கடை. பாய் வளைகுடாவில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், இவர் ஒரு பெட்டி நிறைய ரப்பர் அச்சு கொண்டுவந்தார். சூரியகாந்தி, குடை, டீ கப், கரடிப் பொம்மை, புல் கொத்து. பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுவோமே, அந்தப் பழுப்புத் தாளையே தடிமனாக வாங்கி, மடித்து, கருப்பு மையில் அச்சைக் குத்துவோம். மை காய்ந்ததும் நான் கலர் பென்சிலை எடுப்பேன். பழுப்புத் தாள் எந்த நிறத்தையும் தின்றுவிடும். முதலில் வெள்ளைப் பென்சிலை அடியில் தேய்த்து, அதன்மேல்தான் நிறத்தை வைக்க வேண்டும். வெள்ளை இல்லாமல் பச்சையை வைத்தால் தண்ணீர் காணாத பயிர் மாதிரி வாடிக் கிடக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. அட்டையில் என்ன எழுதுவது என்று கற்றுக்கொள்ளத்தான் ரொம்ப நாள் பிடித்தது.

தைரியமாக இருங்கள்

ஆரம்பத்தில் எல்லா அட்டையிலும் "தைரியமாக இருங்கள்" என்றுதான் அச்சுக் குத்தினோம். பாய் கும்பகோணத்தில் சொல்லிச் செய்துகொண்டு வந்த தமிழ் அச்சு அது. நானும் பக்கத்தில் ஒரு சூரியகாந்தியைப் போட்டு, இதழ் இதழாக மஞ்சள் வைத்து, வெகு பெருமையாக அடுக்கி வைத்தேன்.

முதல் வாரமே திருவிடைமருதூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் ஒன்று வாங்கிப் போனார். மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை, நாளைக்குக் காலையில் என்றார். சாயங்காலம் அதே அட்டையோடு திரும்பி வந்தார். சூரியகாந்தியின் மேல் ஈரம் பட்டு மை கொஞ்சம் கலங்கியிருந்தது. ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்து என்ன வார்த்தை சொன்னால் நாம் சுவரைப் பிடித்துக்கொள்வோமோ, அதே வார்த்தையை நாங்கள் அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. அந்தப் பெண் கோபப்படவில்லை. "டாக்டரு என்னமோ சொல்லிட்டாரு, நாங்கதான் மறைக்கிறோம்னு மாமா நெனச்சுட்டாரும்மா. இட்லிகூட வேணாங்கறாரு. வேற ஏதாவது எழுதினது இருந்தா மாத்திக் குடுங்க" என்றார்.

நாலு மூலை

அதன்பிறகு "சீக்கிரம் வீட்டுக்கு வாங்க" என்று மாற்றினோம். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலையில் மஞ்சள் எங்கே என்று கேட்டார். நல்ல காரியப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கும். மஞ்சள் இல்லாமல் வருவது கருமாதிப் பத்திரிகை, அதைப் படித்துவிட்டு வீட்டுக்குள்கூட எடுத்துப் போகமாட்டார்கள். பழுப்பு நிறத்தில் வெறுமனே ஒரு அட்டையைப் படுத்திருக்கிறவரிடம் நீட்டினால் அவர் என்ன நினைப்பார்? அன்றிலிருந்து நாலு மூலையிலும் வெள்ளை தேய்த்து மஞ்சள் வைப்பது என் வேலையில் சேர்ந்துகொண்டது. வேண்டாம் என்கிறவர்களுக்காக மஞ்சள் இல்லாத அடுக்கு ஒன்றையும் பாய் தனியாக வைத்திருந்தார்.

ஒரு நாள் பர்தா போட்ட ஒரு அம்மா வந்து மஞ்சள் வைத்ததாகப் பார்த்து எடுத்தார். தெரியாமல் எடுக்கிறார் என்று நினைத்து நான் மற்ற அடுக்கை நகர்த்தி வைத்தேன். அவர் தலையாட்டி மறுத்தார். "எங்க வீட்டுக்கு இல்லம்மா, பக்கத்துப் பெட்டுல இருக்கற அம்மாவுக்கு. பத்து நாளா அவங்களப் பாக்க யாருமே வரலை."

தைரியம் எதுக்கு அண்ணி

இனிமேல் சொல்வதெல்லாம் என் வீட்டுக் கதை. ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பண்ணையில் கூலிக்கு உழுதவர். அவர் உழுத ஒரு ஏக்கர் அவர் பெயருக்குப் பட்டா ஆவதற்குள் ஆட்சி இரண்டு தடவை மாறி, அப்பாவுக்குத் தலை நரைத்துவிட்டது. அதைத்தான் என் தம்பி கலியபெருமாள் பயிர் செய்தான். பிறகு புறவழிச்சாலைக்கு அளக்க வந்தார்கள். இந்தக் கட்சி போய் அந்தக் கட்சி வந்தது, வரைபடத்தில் ரோடு மட்டும் நகரவில்லை. நட்டு நாலு நாள் ஆன வயலில் இறங்கிக் கல் ஊன்றினார்கள். தம்பி அந்தக் கல்லைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டான். அவனையும் இன்னும் மூன்று பேரையும் பிடித்துத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். வேனில் ஏறும்போது, "பயிரு போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்" என்று தன் பெண்டாட்டி மல்லிகாவிடம் சொல்லிவிட்டு ஏறினான். அது வாய் வார்த்தை இல்லை. தண்ணீர் வராத வருஷம் ஒன்றில் பூச்சி மருந்து பாட்டிலோடு மோட்டார் கொட்டகைக்குள் போனவனை அவள்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

மல்லிகா கடைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். ஜெயிலுக்கு ஒரு அட்டை அனுப்பலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். தொழில் புத்தி, என்ன செய்ய? குடைப் படம் போட்டதையும் சூரியகாந்தி போட்டதையும் எடுத்துக் காட்டினேன். அவள் இரண்டையும் தொடவில்லை. "தைரியம் எதுக்கு அண்ணி, அது அவருக்கு நெறயாவே இருக்கு. வாய்க்கால்ல தண்ணி வருதா, பயிரு பச்சை புடிச்சிருச்சான்னு தெரியாமத்தான் அவருக்குத் தூக்கம் வராது. அதை அனுப்புங்க."

பயிருக்கு என்ன வயசு

பாய் கொண்டுவந்த பெட்டியில் நெல்லுக்கு அச்சு இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் நெல்லுக்கு எங்கே போவார்கள்? யாரும் சீண்டாமல் கிடந்த புல் கொத்து அச்சை எடுத்து வரிசை வரிசையாகக் குத்தினேன். நடவு வயலாகிவிட்டது. சனிக்கிழமைதோறும் மல்லிகா போன் செய்து பயிர் எப்படி நிற்கிறது என்று சொல்வாள். நட்ட பயிர் முதல் வாரம் மஞ்சளித்துத்தான் நிற்கும், அதனால் முதல் அட்டையில் மஞ்சளைத் தூக்கலாக வைத்தேன். இரண்டாவது அட்டையில் பச்சை பிடித்தது. மூன்றாவதில் பயிர் கிளைத்துத் தூர் கட்டியது, அதற்கு அடியில் கரும்பச்சை. எழுத்து ஒன்றும் கிடையாது, அவன் பெயர் மட்டும்.

மனுப் போட்டுப் பார்க்கப் போன மல்லிகாவிடம் தம்பி அட்டையை நீட்டிக் குறை சொல்லியிருக்கிறான். சின்ன வயதிலிருந்தே நான் எது செய்தாலும் அவனுக்கு ஒரு குறை இருக்கும். அவன் பழையபடி குறை சொல்கிறான் என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. "அக்காவை வரப்பையும் போடச் சொல்லு. வரப்பு இல்லாம அது யாரு வயலோ மாதிரி இருக்கு."

நாலாவது சனிக்கிழமை

நாலாவது சனிக்கிழமை போன் வரவில்லை. மல்லிகாவே வந்தாள். முந்தின நாள் போலீஸ் பாதுகாப்போடு பொக்லைன் வந்திருக்கிறது. தூர் கட்டிய பயிரை அப்படியே வழித்து ஒதுக்கிவிட்டு, மத்தியானத்துக்குள் லாரி லாரியாகக் கிராவல் மண்ணைக் கொட்டி மட்டமாக்கிவிட்டார்கள். வரப்பு இருந்த இடம்கூடத் தெரியவில்லை என்றாள். அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரிப் பேசினாள். நான் அப்போதுதான் அழ ஆரம்பித்தேன்.

என் மேஜையில் வரப்பு போட்ட அட்டை பாதி முடிந்து கிடந்தது. அதை அனுப்புவதா, கிழிப்பதா? உண்மையை எழுதினால் தம்பி என்ன செய்வான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அனுப்பாமல் விட்டாலும் அவன் புரிந்துகொள்வான். பென்சிலை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கலர் அடிப்பதா வேண்டாமா என்று பாயிடம் கேட்டேன். அவர் ஜெராக்ஸ் மிஷினுக்குத் தாள் அடுக்கிக்கொண்டே சொன்னார். "அடிங்கம்மா. சீக்கிரம் வீட்டுக்கு வாங்கன்னு எத்தனை பேருக்கு அடிச்சுக் குடுத்திருக்கோம். அவங்க எல்லாருமா வீட்டுக்குப் போனாங்க?"

வாரா வாரம் ஒரே படம்

அடித்தேன். அடியில் இரண்டு முறை வெள்ளை தேய்த்து, மூன்று பச்சையை மாற்றி மாற்றி வைத்து, அதற்கு முன்னால் எந்த அட்டைக்கும் மெனக்கெடாத அளவு மெனக்கெட்டேன். கூட உள்ளே இருந்த மூன்று பேர் வீட்டிலும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டோம். ஜாமீன் மனு இரண்டு தடவை தள்ளிப்போனது. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என்று பயிர் என் மேஜையிலேயே வளர்ந்தது. போனில் சொல்ல மல்லிகாவிடம் இப்போது பயிர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் விவசாயிகளிடம், உங்கள் பக்கம் எப்படி நிற்கிறது, கதிர் வந்துவிட்டதா என்று விசாரித்து அதன்படி கலரை மாற்றினேன்.

ஒரே படம் வாரா வாரம் வருகிறது, நிறம் மட்டும் மாறுகிறது, இது ஏதோ சங்கேதம் என்று ஜெயிலில் சந்தேகப்பட்டுவிட்டார்கள். அட்டைகளைப் பிரிக்கிற காவலர், பார்க்க வந்த மல்லிகாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். சார், அது எங்கள் வயல் என்று அவள் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் விவசாயக் குடும்பம்தானாம். என்ன ரகம், எப்போது நட்டது என்று கேட்டிருக்கிறார். மல்லிகாவும் நின்று பதில் சொல்லியிருக்கிறாள், கிராவல் மண்ணுக்கு அடியில் கிடக்கிற பயிருக்கு. கடைசியில் அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பச்சை ரொம்பக் கருக்குதும்மா. யூரியாவைக் கொறைச்சுப் போடுங்க, பூச்சி விழுந்துடும்" என்றாராம்.

எதுலேர்ந்து

பயப்படாதீர்கள், தம்பி இருக்கிறான். ஒரத்தநாட்டில் ஒரு உரக்கடையில் மூட்டை இறக்குகிறான். இதைச் சொல்லாமல் மேலே சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

பன்னிரண்டாவது அட்டையில் கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. அதை அனுப்பிய மறு வாரம் ஜாமீன் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் ஜெயில் வாசலுக்குப் போய், வழியில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம். அவனோ ஒரு நாள் முன்னாலேயே வெளியே வந்து, பஸ் பிடித்து, நேரே கடைக்குள் நுழைந்தான். இளைத்திருந்தான், ஆனால் முகத்தில் தெளிவு இருந்தது. நான் எழுந்திருப்பதற்குள், "அறுப்பு மிஷின் சொல்லியாச்சாக்கா? கதிரு முத்திப் போச்சே, இன்னும் நாலு நாள் விட்டா கொட்டிடும்ல" என்றான். நான் சொன்னேன். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. பாய் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்தான். பையிலிருந்து அட்டைகளை எடுத்து, ஜெராக்ஸ் மிஷின் மேல் வரிசையாகப் பரப்பினான். பன்னிரண்டும் கசங்காமல் இருந்தன. "இதுல எதுலேர்ந்துக்கா பொய்?" என்று கேட்டான். நாலாவது அட்டையில் விரலை வைத்தேன். அவன் அதைக் கையில் எடுத்து, வரப்போரமாகக் கண்ணை ஓட்டி, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தான். என்னைத் திட்டுவான், அட்டையைக் கிழிப்பான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "இந்தப் பயிருதாங்க்கா நல்லா வந்திருக்கு" என்றான்.

இத்தனை வருஷத் தொழிலில் என் கைவேலையை ஒரு விவசாயி வாய்விட்டு மெச்சியது அந்த ஒரு தடவைதான், அதையும் நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.