சிகரட் டாக்டரும் பீடி நோயாளியும்

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சமாளிக்க மருந்து இருக்கிறது. டாக்டரைச் சமாளிக்க நர்ஸ்தான் இருக்கிறாள். இதே வேலையில் நொந்துபோன சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1950களில் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எனக்கு வாய்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கைராசிக்காரர், நல்ல மனுஷர். சிகரட் மட்டும் விரலோடு ஒட்டிப் பிறந்தது போலிருக்கும்.

கேட்காத கேள்வி

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் முனியாண்டி இருமலோடு வந்தார். லயத்து வீட்டில் ஈரம் உண்டா, இரவில் காய்ச்சல் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா என்று டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். காதில் பீடி செருகியிருந்த மனுஷனிடம் பீடியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. முனியாண்டி போனதும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டால் அவன் என்ர சட்டைப் பையைப் பார்ப்பான், மிஸ்ஸி."

இடது கை

சரி, நானே சொல்கிறேன் என்று இறங்கினேன். அடுத்த தடவை முனியாண்டி வந்தபோது, மூச்சு இப்படி இழுக்கிறதே, பீடியை விட்டால்தான் பிழைப்பீர்கள் என்று கண்டிப்பாகவே சொன்னேன். டாக்டர் அந்த நேரம் பார்த்துச் சிகரட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அவர் நெஞ்சில் குழாயை வைத்தார். முனியாண்டிக்கு என் அறியாமையைப் பார்த்துப் பாவமாகிவிட்டது.

"எவ்வளவு படிச்சவங்க, கெடுதின்னா டாக்டரய்யா ஊதுவாங்களா, மிஸ்ஸி?"

ஊதிக் காட்டணும்

மழைக்காலத்தில் ஒருநாள் அவரை மலையிலிருந்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பிழைப்பாரா என்று எனக்கே பயம். மூச்சு திரும்பிய பிறகு டாக்டர் தன் சிகரட் பெட்டியை அடுப்பில் போட்டார். இன்றிலிருந்து நானும் பிடிப்பதில்லை, நீயும் பிடிப்பதில்லை என்றார். முனியாண்டி ஒத்துக்கொண்டார். ஆனால், தான் வரும்போதெல்லாம் டாக்டரும் வாயைத் திறந்து ஊதிக் காட்ட வேண்டுமாம்.

அப்படியே நடந்தது. முதலில் டாக்டர் முனியாண்டியைப் பார்ப்பார், பிறகு முனியாண்டி டாக்டரை மோந்து பார்ப்பார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு. முனியாண்டிக்கு இருமல் தணிந்து, முகத்தில் ரத்தமும் ஏறியது.

அட்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த டாக்டர் மறுநாள் ஊதத் தயங்கினார். ஒன்றே ஒன்றுதான் என்று முணுமுணுத்தார். முனியாண்டி கோபப்படவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஐயாவுக்கு ஒண்ணுன்னா கொழும்புல ஆயிரம் டாக்டருங்க இருக்காங்க. எனக்கு ஐயா மட்டுந்தாங்க."

அதன்பின் டாக்டர் சிகரட்டைத் தொடவில்லை, முனியாண்டி அடுத்த கவ்வாத்துக்குக் கத்தியோடு மலையேறினார், தோட்டத்தில் பேரும் புகழும் மட்டும் நான் கலக்கிக் கொடுத்த இருமல் மருந்துக்குப் போய்ச் சேர்ந்தது.