மணலில் காதால் தேடியவர்

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரும் என்னைத் தலைகுனிய வைக்கவில்லை. ஊரை விட்டு மூத்த மகனோடு மெல்பேர்ன் வந்த புதிதில், எல்லோரும் வேலைக்குப் போனபின் தனியே கடற்கரைக்குப் போய்விடுவேன்.

அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வருவார். நெட்டை உருவம், காதில் ஹெட்போன், கையில் நீண்ட தடி, அதன் நுனியில் ஒரு தட்டு. மணலுக்குள் உலோகம் கிடந்தால் அது கீச்சிடும். அகப்பட்ட பழைய காசைச் சட்டையில் துடைத்து, யாருக்கோ காட்டுவதுபோல் பக்கத்தில் திரும்புவார். பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

ஒருநாள் என் தோடு மணலில் விழுந்துவிட்டது. அம்மா தந்த தோடு. நான் பதறிக் கிளறுவதைக் கண்டு அவர் வந்தார்.

"லொஸ்ட்?" என்றார். தொலைந்ததா என்று கேட்கிறார், அவ்வளவு விளங்கியது.

"ஓம், ஓம்," என்று தலையாட்டினேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "ஹோம்? மீ டூ," என்று சொல்லி என்னருகே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, தோடு ஐயா, தோடு!" என்று வெறுங்காதைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழுந்து தோட்டைத் தேடி எடுத்துத் தந்தார்.

அன்று பின்னேரம் மகனிடம் சொன்னேன். "உங்கட 'ஓம்' அவருக்கு 'ஹோம்' எண்டு கேட்டிருக்கு. நீங்கள் வீட்டைத் தொலைச்சிட்டன் எண்டு சொன்னதா நினைச்சிருக்கிறார் அம்மா. தானும் அப்பிடித்தானாம்," என்றான்.

அவர் எந்த வீட்டைத் தொலைத்தாரோ, கேட்க எனக்கு இங்கிலீசு இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை என்று திருத்தவும் மனம் வரவில்லை. அவர் காதில் விழுந்தது முழுப்பிழையும் இல்லை.

பேரப்பிள்ளை, நான் சொல்லச் சொல்ல எழுதினாய், எங்கே, இதை ஒருக்கா உரத்து வாசி. எழுத்துப்பிழை பார்க்காதை, வாசி.