வாய்க்காலுக்கு வந்த ஒரு வரி விண்ணப்பம்

ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சர்வருக்கு அட்மினாக இருப்பது, கல்யாண மண்டப வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பது மாதிரி. எல்லாரும் உள்ளே பந்தியில் இருப்பார்கள். தொலைந்தால் மட்டும் நம்மைத் தேடி வருவார்கள். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் சர்வருக்கு வாய்க்கால் என்று பேர். பெரிய கம்பெனிகளின் விளம்பரமும் வேவும் பிடிக்காமல் வெளியேறிய முந்நூறு சொச்சம் பேர் இதில் எழுதுகிறார்கள், படம் போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். மெஷின் ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு மாடி அறையில் இருக்கிறது. எனக்கு எழுபத்திரண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவன். இன்னொரு அட்மின் காயத்ரி, சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. புரோகிராம் அவளுடையது, கோபம் என்னுடையது.

காரணம் போதாது

சேருகிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: எதற்காக வருகிறீர்கள்? இரண்டு வரிக்குக் குறைந்தால் நிராகரிப்பேன். அதற்கான கடிதத்தை நானே எழுதினேன். 'காரணம் போதாது.' அவ்வளவுதான். அது போன கையோடு விண்ணப்பம், மெயில் முகவரி, வந்த வழி எல்லாம் அழிந்துவிடும். யாருடைய தடத்தையும் வைத்துக்கொள்வதில்லை. அது எங்கள் பெருமை.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் 'சும்மா' என்று எழுதினார். கடிதம் போயிற்று. போனில் பிடித்துக்கொண்டார். கம்பெனிக்காரன் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டானாம். "உள்ள விட்டான். வெளிய விட்டானா?" என்றேன். அவர் சொன்னார்: "அதுதானுங்க கேக்கறேன். மூணு வாட்டி கணக்க அழிச்சுப்போட்டேன், இன்னும் எம்பேர்ல எல்லாத்துக்கும் பொறந்தநாள் வாழ்த்துப் போகுதாமுங்க."

தாடி வைத்த செந்தில்

ஆனைமலையிலிருந்து சரஸ்வதி டீச்சர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஒரே மகன் செந்தில். நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பாவோடு சண்டை. போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனவன் வரவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது கம்பெனிக்காரனிடம் இருந்த அவன் பக்கம்தான். எப்போதாவது அவன் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியுமாம். அவர் தொடுவதற்குள் அணைந்துவிடுமாம்.

ஒருநாள் கம்பெனி, கேட்காமலே ஒரு வீடியோ செய்து அனுப்பியிருக்கிறது. பழைய போட்டோக்களை வைத்து, செந்தில் இப்போது எப்படி இருப்பான் என்று. தாடி வைத்திருக்கிறான். கை ஆட்டுகிறான். டீச்சர் நேரில் வந்து அதை எனக்குக் காட்டினார். நல்ல வெயில் நேரம். ஆனாலும் எனக்கு முதுகு சில்லிட்டது. கை ஆட்டிக்கொண்டே இருக்கிறான், கண் மட்டும் நம் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கிறது.

அதற்குமேல் கம்பெனிக்காரனிடம் இருக்க அவரால் முடியவில்லை. கிளம்பவும் பயம். பையன் தேடினால் எங்கே தேடுவான்? தன் பழைய பக்கத்தை அழிக்காமல், வாய்க்கால் முகவரியை அதில் எழுதி வைக்கச் சொன்னேன். எழுதினார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "அவன் பேச்சே கம்மிங்க. வந்தா ஒரு வார்த்தைதான் சொல்லுவான். பாத்துக்கோங்க."

நான் தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

எட்டே கால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரிய கம்பெனி ஒன்று ஏதோ விதியை மாற்ற, ஜனம் கூட்டமாகக் கிளம்பிவிட்டது. காலையில் திறந்தால் விண்ணப்பம் குவிந்து கிடக்கிறது. பாதி ஆளே இல்லை, விளம்பரம் விற்கும் மெஷின்கள். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சின்னதாக இருந்ததையெல்லாம் தள்ளிக்கொண்டே போனேன். விரல் முன்னால் போகும், கண் பின்னால் வரும். உங்களுக்கும் அந்த வியாதி இருக்கும்.

ஒன்றில் பேர் இல்லை. பதில் பெட்டியில் இரண்டே வார்த்தை: 'அம்மா இருக்காங்களா'.

விரல் அமுக்கிவிட்டது. அப்புறம்தான் கண் படித்தது. மணி எட்டே கால்.

காயத்ரியைக் கூப்பிட்டேன். அவள் ஒரு மணி நேரம் தோண்டினாள். எங்கிருந்து வந்தது, என்ன முகவரி, ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரனாக இருந்தால், அந்த ஆள் என்ன செருப்புப் போட்டிருந்தான் என்பது வரை வைத்திருப்பான். "ஏதாவது ஒரு மூலைல இருக்கும், தேடு அம்மணி," என்றேன்.

"நாமதான அங்கிள் அப்படி எழுதினோம், ஒரு துளிகூட மிஞ்சக் கூடாதுன்னு. மிஞ்சலைங்க."

அவனுக்குப் போன பதில்

போனில் சொல்கிற விஷயமில்லை. ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். பஸ் முழுக்க மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்கப் போகிற கூட்டம். அநியாயம் செய்தவனைத் தண்டிக்க வேண்டுகிறவர்கள். யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

டீச்சர் காபி கொடுத்தார். குடிக்காமலே சொன்னேன். மெஷினாகவும் இருக்கலாம், மனுஷன் மாதிரி எழுத அதுவும் பழகிவிட்டது என்றும் சொன்னேன். அவர் தன் பழைய பக்கத்தைத் திறந்தார். செந்திலைத் தேடினார். சனிக்கிழமை வரை இருந்த அவன் பக்கம் இல்லை. 'இப்படி யாரும் இல்லை' என்று வந்தது. கம்பெனி செய்த வீடியோ மட்டும் இருந்தது. தாடி, கை.

"அப்ப இருக்கறானுங்க," என்றார். "பக்கத்தை மூடறதுக்கு ஆள் வேணுமில்லைங்க?"

சும்மா கிடக்கும் பக்கத்தைக் கம்பெனியே மூடிவிடுவதுண்டு. நான் சொல்லவில்லை.

"அவனுக்கு என்ன பதில் போச்சுங்க?"

சொன்னேன். நான் எழுதிய அந்த இரண்டு வார்த்தையை, அந்த வீட்டுக் கூடத்தில், என் வாயாலேயே. டீச்சர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அந்தக் கடுதாசிய மாத்திப்போடுங்க. 'அம்மா இருக்காங்க, வா'ன்னு போடுங்க."

எந்த அம்மா

மாற்றினேன். இப்போது வாய்க்கால் யாரைத் தள்ளினாலும் அந்தக் கடிதம்தான் போகிறது. கடன் விற்கிறவனுக்கும், மாத்திரை விற்கும் மெஷினுக்கும், அம்மா இருக்காங்க, வா. சிலது பதில் போடுகின்றன. எந்த அம்மா என்று ஒன்று கேட்டது. நன்றி என்றது ஒன்று.

ஞாயிறு தவறாமல் எட்டே காலுக்கு ஒரு விண்ணப்பம் வருகிறது. பேர் இல்லை, பெட்டி காலி. எடுத்தவுடன் சேர்த்துக்கொள்கிறேன். உள்ளே யாரும் வருவதில்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் வாசலில் நிற்கிறது. மெயில் போட்டால் அந்த முகவரியே இல்லை என்று திரும்பி வருகிறது. நேரம் வைத்து ஓடுகிற மெஷின், தடுத்துவிடலாம் என்கிறாள் காயத்ரி. டீச்சரிடம் கேட்டேன்.

"மெஷினாவே இருக்கட்டுமுங்க. வாசல்ல வந்து நிக்குதில்ல, பதில் போடுங்க."

ஆகவே சகபாவிகளே, நான் இப்போது ஒரு வார்த்தை விண்ணப்பங்களைத்தான் முதலில் படிக்கிறேன். பக்கம் பக்கமாகக் காரணம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.