லோடு கிளம்பும்போது அக்கா

சாத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். மேஜை நாற்காலி எல்லாம் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் பேருக்கு ஒரு தீப்பெட்டி இருக்காது. அம்மா விடிந்ததும் சிரட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், இரண்டு கங்கு வாங்கி வந்துதான் அடுப்புப் பற்றவைப்பாள்.

"தீப்பெட்டி ஆபீஸ்காரகளுக்கு நாங்க நெருப்புக் குடுக்கோம், பாத்தீகளா?" என்று அந்த வீட்டு அத்தை கேலி பேசுவாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கேட்டால் புகை என்பாள்.

எல்லாம் அக்காவால். அக்கா என்னைவிட மூத்தவள். எனக்கு எண்ணெய் தேய்த்து, இழுத்து வாரி, பிசிறில்லாமல் சடை போட்டுவிடுவாள். ஆனால் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் தெரியாது. கடைக்கு அனுப்பினால் திரும்பி வரத் தெரியாது. அதனால் அப்பா இருந்தவரை ஆபீஸ் வாசலில், அவர் உட்காரும் சாக்குக்குப் பக்கத்திலேயே அவளையும் உட்கார வைத்துக்கொள்வார். அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அப்பா ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். அண்ணன் பொறுப்புக்கு வந்தான்.

காரியம் முடிந்து ஆபீஸ் திறந்த முதல் வாரமே அக்கா ஆரம்பித்துவிட்டாள். ஸ்டேஷனுக்குப் போக மாட்டுவண்டியில் பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் எங்கிருந்தோ ஒரு பெட்டியை எடுத்துவந்து, வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று குச்சியை உரசினாள். மருந்தும் குச்சியும் காகிதமுமாகக் கிடக்கிற இடம் அது. அண்ணன் பாய்ந்து பிடுங்கி ஓர் அறை விட்டான். அவள் அழுதாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் உரசினாள்.

அதற்கப்புறம் நாங்கள் செய்யாதது இல்லை. வீட்டில் தீப்பெட்டியே வைக்கக் கூடாது என்றாயிற்று. பெட்டி அடைக்கிற பெண்களின் மடியிலிருந்து எடுத்தாள். அடித்தோம், கெஞ்சினோம், அறையில் போட்டுப் பூட்டினோம். பூட்டிய அறைக்குள் கதவில் தலையை முட்டிக்கொண்டாள். பேய் பிடித்திருக்கிறது என்று ஒருவர் வேப்பிலையோடு வந்தார். மதுரை டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தின்றால் உட்கார்ந்த இடத்தில் எச்சில் ஒழுகத் தூங்கினாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அம்மாவே மாத்திரையைத் தூக்கி எறிந்தாள். எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே அக்கா இருந்த அறைக் கதவைத்தான் பார்த்தார்கள்.

பொங்கலுக்கு ஆபீஸ் மூடியிருந்தது. அந்த நாட்களில் அக்கா ஒரு குச்சியைக்கூடத் தேடவில்லை. கோலம் போட்டாள், கரும்பு தின்றாள், பழைய அக்காவாக இருந்தாள். ஆபீஸ் திறந்து முதல் வண்டி வந்து நின்றதும் எழுந்துவிட்டாள். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. லோடு கிளம்பும் முன்னால் அப்பா எப்போதும் ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு குச்சியை உரசிப் பார்ப்பார். மருந்து தெறிக்காமல் நின்று எரிந்தால், "போகலாம்" என்பார். வண்டிக்காரர் மாட்டைத் தட்டுவார். அக்கா இத்தனை வருடமாக அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள். அப்பா இல்லாமல் போனதும், அப்பாவின் வேலையை அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்!

நான் சொன்னபோது அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "இதுக்கா அவளைப் போட்டு அடிச்சேன்?" என்றான்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தோம். லோடு கிளம்பும் முன் அக்காவை வண்டியைவிட்டுத் தள்ளி முற்றத்தில் உட்கார வைப்போம். பக்கத்தில் வாளித் தண்ணீர். அண்ணன் அந்த லோடிலிருந்தே ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுப்பான். அவள் உரசிப் பார்த்துவிட்டு, அப்பா மாதிரியே தலையை ஆட்டி, "போகலாம்" என்பாள். வண்டி கிளம்பும். அதன்பின் நாள் முழுக்கத் தொந்தரவே கிடையாது. அம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. காரணம் தெரிந்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பினோம். எம்புட்டு வெள்ளந்திகள் நாங்கள்!

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வெயிலே இல்லை. குச்சியெல்லாம் நமுத்துவிட்டது. அண்ணனுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் வடக்கே அனுப்ப வேண்டிய ஆர்டர். ஏற்கெனவே தவணை தாண்டிவிட்டது, இதுவும் தவறினால் அந்தக் கம்பெனி கை கழுவிவிடும். மழை கொஞ்சம் வெறித்ததும் வண்டியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டார்கள். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து உரசினாள். புஸ்ஸென்று புகைந்து மருந்து உதிர்ந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. பெட்டியைக் கீழே வைத்தாள். நேராகப் போய் மாடுகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"போகப்படாது. எறக்கு."

அப்பா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். அவர் காலத்தில் அப்படி எத்தனையோ லோடு இறங்கியிருக்கிறது.

"ஏட்டி, ரயிலுக்கு நேரமாச்சு, வழிய விடு" என்று அண்ணன் கெஞ்சினான். அவள் அசையவில்லை. அவன் ஆபீசுக்குள் போய், கோடையில் காய்ந்த சரக்கிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். குச்சி பளிச்சென்று எரிந்தது. அக்கா நெருப்பைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "போகலாம்" என்று சொல்லவில்லை. யாரும் நினைப்பதற்குள் வண்டிக்குப் பின்னால் ஓடித் தார்ப்பாயைத் தூக்கி, ஒரு பண்டலைப் பிய்த்து, அங்கேயே நின்று ஒவ்வொரு குச்சியாக உரச ஆரம்பித்தாள். ஏதோ ஒன்று பற்றி, மருந்து தெறித்து, பண்டலுக்கு அடியில் பரப்பியிருந்த வைக்கோலில் விழுந்தது. தார்ப்பாய்க்குள் அது காய்ந்தே இருந்தது.

வண்டிக்காரர் வெறும் கையால் அடித்து அணைத்தார். நாங்கள் தண்ணீரைக் கொட்டினோம். லோடு நனைந்து வீணாய்ப் போயிற்று. அவருடைய இரண்டு உள்ளங்கையும் வெந்து தோல் உரிந்து தொங்கியது. அக்கா அதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாரைக் குறை சொல்ல? அவள் சொன்னால்தான் வண்டி நகரும் என்று அவளைப் பழக்கியது நாங்கள். மறுநாள் வேலைக்கு வந்த பெண்கள் ஆபீசுக்குள் நுழையாமல் வாசலில் நின்றார்கள். "நாங்க பிள்ளகுட்டிக்காரிக. அந்தப் பிள்ள இங்கன இருந்தா நாங்க உள்ள வர மாட்டோம்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் என்ன தப்பு?

மல்லாங்கிணற்றில் அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, வாழ்க்கைப்பட்டிருந்தாள். பருத்தியும் கம்பும் போடுகிற மானாவாரிக் குடும்பம். அங்கே தீப்பெட்டி ஆபீஸ் இல்லை, லோடு இல்லை. அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். கல்யாணத்துக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு தலை நிறையப் பூ கேட்டாள். வாங்கி வைத்துவிட்டேன்.

தை கழிந்ததும் அம்மாவும் நானும் பார்க்கப் போனோம். மாட்டுத்தொழுவை ஒட்டிய சாய்ப்புக் கூரைக்கு அடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். எங்களைக் கண்டு எழுந்திருக்கவில்லை; எழுந்திருக்கலாமா என்று சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகு எழுந்து வந்தாள். சித்தி எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னாள்.

"இங்கன ஒரு தொந்தரவும் இல்லக்கா. சொன்ன இடத்துல அப்படியே ஒக்காந்திருக்கா. நீங்கதான் அவளுக்கு ரொம்ப எடம் குடுத்திட்டீக."

பஸ்ஸுக்காக ரோட்டில் வந்து நின்றோம். அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்படி ஒக்கார வைக்க அவள என்ன செஞ்சிருப்பாக?"

திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். வீடு கூப்பிடு தூரம்தான். கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். எங்கே கூட்டிப்போவது? பஸ் வந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.