கிளியர் கோட் அடித்த ஞாயிறு

தன் ஸ்கூட்டரை விற்றுவிடும்படி என் மனைவி சொன்னபோது, "இந்தச் சிராய்ப்போட யாரு வாங்குவா? முதல்ல பெயிண்ட் அடிச்சிடறேன்" என்றேன். பாதிப் பொய் அது. விற்க எனக்கு மனமே இல்லை. சிராய்ப்பு மறைந்தால் அவளுடைய பயமும் மறைந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

தை அறுவடை சமயத்தில் வரிச்சிக்குடிப் பக்கம் நெல்லைத் தார்ச்சாலையிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். பாதிச் சாலை நெல்லுக்கு, மீதி நமக்கு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவள் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நெல்லின்மேல் ஏறினாள். சக்கரம் வழுக்கிவிட்டது. முழங்காலில் தையல், வண்டியின் இடது பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. முழங்கால் ஆறிவிட்டது. ஆனால் அதன்பிறகு அவள் பஸ்ஸில்தான் போனாள்.

வண்டி எங்கள் தலத்தெரு வீட்டுக் கொல்லையில் பழைய போர்வைக்குள் கிடந்தது. துணி காயப்போடப் போகும்போதுகூட அவள் அதைச் சுற்றிக்கொண்டு போவாள். ஒரு விரல் பட்டதில்லை. முன்பெல்லாம், "மழைக்கு முன்னாடி வந்துட்டேன் பாத்தீங்களா" என்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சிரிப்பாள். இப்போது பஸ் போய்விடும் என்று இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கலாம். ஆனால் நான் ஆபீஸில் நாற்காலியைத் தேய்ப்பவன். கையால் ஒன்றைச் செய்து காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. செல்போனில் வீடியோ பார்த்தேன், டவுனில் பெயிண்ட் கடையில் ஸ்ப்ரே டப்பாக்களை வாங்கினேன். இடது பக்கத்துப் பேனலைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, அவள் ஷோரூமில் அடம்பிடித்துத் தேர்ந்தெடுத்த அதே மயில்கழுத்து நீலத்தை அடித்தேன். காய்ந்தபின் பார்த்தால் சாக்குக்கட்டியால் தேய்த்த மாதிரி மங்கிப்போய் இருந்தது.

தூரத்திலிருந்து எட்டிப் பார்த்த அவள், "இதுக்கு அந்தச் சிராய்ப்பே தேவலாம்" என்றாள்.

"இரு, இன்னும் கிளியர் கோட் அடிக்கணும்."

"அது என்ன கலரு?"

"அதுக்குக் கலரே கிடையாது."

"கலரே இல்லாததை எதுக்குங்க அடிக்கிறீங்க?"

வீடியோவில் அடித்தார்கள், நானும் அடிக்கிறேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மதியமானால் கடற்காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்துவிடும் என்பதால் விடிந்ததுமே ஆரம்பித்தேன். பேனலைக் கொடிக்கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு தூசி பறக்கக் கூடாது என்று, கல்யாண வீட்டு வாசலுக்குத் தெளிப்பது போலக் கொல்லை முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்தேன். மண் வாசனை எழுந்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்தேன்.

கொஞ்ச நேரம் ஈரமாக மின்னியது. அப்புறம் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலத்தின்மேல் பாலாடை படர்ந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. டப்பாவைத் தூக்கி எறிந்தேன், அது போய்த் துவைக்கிற கல்லில் மோதியது.

சத்தம் கேட்டு வாசற்படிக்கு வந்தவள், "என்னங்க, மோர் ஊத்தின மாதிரி இருக்கு?" என்றாள். கோபத்தை அவள்மேல் காட்டாமல் கடைக்காரருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார்.

"தரையில தண்ணி தெளிச்சீங்களா சார்? நம்ம ஊர்ல எல்லாரும் பண்றதுதான். ஈரத்தை இழுத்துக்கிட்டுப் பூத்துப் போயிருக்கு. வெயில் ஏறட்டும், தரை காயட்டும். அப்புறம் மேலயே லேசா இன்னொரு கோட் அடிங்க, தெளிஞ்சிடும்."

நம்பிக்கையில்லாமல் காத்திருந்தேன். மண் வெளுத்தது, வெயில் முதுகில் உறைத்தது. எறிந்த டப்பாவைப் பொறுக்கிக் குலுக்கி, பேனலின் ஒரு ஓரத்திலிருந்து மெல்ல அடித்துக்கொண்டு வந்தேன்.

அதை எப்படிச் சொல்வது? அடித்த இடத்தில் வெள்ளை கரைந்துபோனது. அடியிலிருந்து நீலம் மேலே வந்தது. நான் அடித்த நீலம்தான், ஆனால் நான் அதுவரை பார்க்காத நீலம். கலங்கிக் கிடந்த குளம் தெளிந்து, திடீரென்று அடித்தரை தெரிவது போல ஒரு ஆழம். தகட்டுக்கு ஏது ஆழம்? இருந்தது. இன்னொரு முறை அடித்ததும் அதற்குள் கொய்யா மரம் வந்தது, வானம் வந்தது, கைக்குட்டை கட்டிய ஒரு திருடனும் வந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நிறமே இல்லாத ஒன்றுதான் நிறத்தை இப்படி வெளியே கொண்டுவருகிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. கோயிலில் திரை விலகும்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளுமே, அப்படி ஏதோ செய்யத் தோன்றியது. கையில் டப்பா இருந்ததால் சும்மா நின்றேன்.

அவள் படியிறங்கி வந்தது எனக்குத் தெரியாது. பக்கத்தில் மூச்சு கேட்டுத் திரும்பினேன். வாயைத் திறந்தபடி பேனலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க இது..." என்றவள், விரலை நீட்டி நீலத்தின் நடுவில் வைத்துவிட்டாள்.

"ஐயோ, காயலை!" என்று கத்தினேன். விரலை எடுத்தாள். பளபளப்பின் நட்டநடுவில் அவளுடைய ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்த கோபம் முழுக்கத் தொண்டைக்கு வந்தது.

"மறந்துட்டேங்க. பாத்ததும் தொட்டுப் பாக்கணும்னு இருந்துச்சு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியைச் சுற்றிக்கொண்டு போகிறவள், தானாக வந்து தொட்டிருக்கிறாள். கோபம் போன இடம் தெரியவில்லை. கண் கலங்கியது. ஸ்ப்ரே நெடி என்று சொல்லிக் கைக்குட்டையை அவிழ்த்துத் துடைத்துக்கொண்டேன்.

நன்றாகக் காயவிட்டு, இரண்டொரு நாள் கழித்துப் பேனலை வண்டியில் மாட்டினேன். பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தவள் வந்து பார்த்தாள். ரேகை அப்படியே இருந்தது.

"லேசாத் தேய்ச்சிட்டு இன்னொரு கோட் அடிச்சிடறேன். வாங்குறவங்க பாத்தா ஏதாவது சொல்லுவாங்க" என்றேன்.

"யாரு வாங்குறவங்க?" என்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும். சாவியை எங்க வச்சீங்க?"

எடுத்துக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்க் கொல்லைக் கதவைத் திறந்துவைத்தேன்.