நான்கு நிமிட மௌனம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. கலையரசன் தன் வாயால் எனக்குச் சொன்னது. பேய் என்றால் நடுராத்திரி, அமாவாசை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவீர்கள். நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு மேல்.

மதுராந்தகத்தில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவன் அவன். ஓய்வு கிடைத்தால் ஆளில்லாத கடற்கரைகளைத் தேடிப்போய்க் கருப்பு வெள்ளைப் படம் எடுப்பான். முதலில் எதிரே உள்ள மணலைத் தடமில்லாமல் நிரவுவான். லென்ஸில் ஒரு கரிய கண்ணாடியை மாட்டுவான். நான்கு நிமிடம் கேமரா திறந்தே இருக்கும். அசைவது எதுவும் படத்தில் விழாது. அலையெல்லாம் கரைந்து, கடல் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். அசையாதது மட்டும் நிற்கும்.

போன வருடம் நெம்மேலிக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி அப்படி ஒரு படம் எடுத்தான். கடல் தின்ற வீட்டின் ஒற்றைத் தூண். சுற்றிலும் வெண்மை. முன்னால் மணலில், கடலை நோக்கிப் போகும் ஒரு வரிசைக் காலடித் தடம். ‘மௌனம்’ என்று பெயர் வைத்தான். சென்னையில் முதல் பரிசு. அந்தக் காலடிகளைத்தான் நடுவர்கள் தனியாகப் புகழ்ந்தார்கள். அவை எப்படி வந்தன என்று இவன் யோசிக்கவில்லை. பரிசு வந்தபிறகு யார் யோசிப்பார்கள்?

அதற்கு ஜோடிப் படம் கொண்டுவந்தால்தான் பெரிய கண்காட்சியில் இடம் என்றார்கள். அந்த இடத்துக்குத் திரும்பப் போக அவனுக்கு மனசில்லை. காரணம் இருந்தது. ஆனாலும் போனான்.

4:05. வானம் மூடியிருந்தது. தோப்பிலிருந்து விறகுச் சுமையோடு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். நெற்றியில் தழும்பு.

“இன்னா சார், படமா?”

“ஆமாம்மா. குறுக்க வராத.”

“வந்தா கெட்டுடுமா?”

“கெடாது. ஓடுறவங்க இதுல விழ மாட்டாங்க. அசையாம நின்னாத்தான் விழுவாங்க.”

“ஓடுனா வுழாதா...” சிரித்தாள். கேமராவுக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தாள்.

விறகிலிருந்து தண்ணீர் சொட்டியது. அன்று மழையே இல்லை.

4:12. முதல் படம். தூணுக்கு இடப்பக்கம் ஒரு கருங்கோடு. கண்ணாடியைத் துடைத்தான்.

4:20. இரண்டாவது. கோடு இல்லை... ஆள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். தூக்கிய கையில் ஒரு துணி. துணியின் மடிப்புகூடத் தெளிவாக இருந்தது.

கலையரசன் நிமிர்ந்து பார்த்தான். கடல் காலி.

உயிருள்ள எவனாலும் அலையில் நான்கு விநாடி அசையாமல் நிற்க முடியாது. நான்கு நிமிடம்...?

வேறு யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். இவனுக்கு ஆசை. ஒன்றாவது சுத்தமாகக் கிடைக்கட்டும் என்று மறுபடி அமுக்கினான்.

4:27.

“அண்ணாத்த...”

கடலிலிருந்து வந்தது. அந்தக் குரல் அவனுக்குத் தெரியும்.

போன வருடம், இதே தூண். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு ஒருவன் துணியைச் சுழற்றிக் கத்தினான். கூப்பிடு தூரத்தில் மீனவர் குப்பம். ஆனால் படம் முடிய இன்னும் இரண்டு நிமிடம் பத்து விநாடி இருந்தது. ஓடினால் மணல் அதிர்ந்து கேமரா ஆடும். கடிகாரத்தில் வைத்த கண்ணை இவன் எடுக்கவில்லை. ‘பீப்’ அடித்தபின்தான் நிமிர்ந்தான். யாரும் இல்லை. வேறு படகு ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

“அண்ணாத்த!”

கால் தானாகத் தண்ணீர்ப் பக்கம் இரண்டடி போனது. கண் மட்டும் கடிகாரத்தில். பாவி.

அலை காலை வாரியது.

வாயில் உப்பு. காலுக்குக் கீழே தரை இல்லை. லென்ஸ் துடைக்கும் துணி கையில் இருந்தது. அதைச் சுழற்றினான்.

“அக்கா! காப்பாத்துக்கா!”

அவள் அசையவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நிமிடம்...

இரண்டு...

பீப்.

4:31. கடல் அவனைக் கரையில் துப்பியது.

அவள் இல்லை. விறகும் இல்லை.

மூன்றாவது படத்தில் தூணருகே இரண்டு பேர். முந்தைய படத்தில் துணியைத் தூக்கியிருந்தவனின் கை இறங்கியிருந்தது. பக்கத்தில் அவள்... கேமராவுக்குப் பின்னால் இருந்தவள்.

படத்தை யாருக்கும் காட்டவில்லை. குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மாயவனிடம், நெற்றியில் தழும்புள்ள விறகுக்காரி யார் என்று மட்டும் கேட்டான். மாயவனின் கை நின்றது.

“வச்சலா. தீனா பொண்டாட்டி. போன ஐப்பசில அவன் படகு கவுந்துச்சு. வெறகு தூக்கிகினு வந்தவ, பாத்துட்டு, போட்டுட்டு தண்ணிக்குள்ள ஓடுனா. ரெண்டு பேருமே கெடைக்கல. கரையில எவனோ படம் புடிச்சிகினு இருந்தானாம். அவன் முன்னாடியேதான் ஓடுனாளாம். தோப்புல இருந்து எங்க குப்பத்துக் காசியம்மா பாத்துச்சு. அது வந்து சொல்லி, நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள அவனும் போயிட்டான்.”

“அவன் யாருன்னு தெரியுமா?”

“தெரியலியே சார்.”

நிம்மதியாக மூச்சு விட்டான். இதையும் அவனே சொன்னான். கேட்ட எனக்கு அறையத் தோன்றியது.

ஸ்டுடியோவுக்கு வந்து ‘மௌனம்’ முன்னால் நின்றான். கேமராவைத் திறக்குமுன் அவனே நிரவிய மணல் அது.

காலடிகளை எண்ணினான். பதினேழு. தோப்புப் பக்கத்திலிருந்து கடலுக்கு. எல்லாம் பெண்ணின் சின்னப் பாதம்.

குதிகால் பதியவில்லை. ஓடுகிறவளின் தடம்.